கால் பட்டை

இப்ரியில் வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன்
ஆட்டுச் சந்தை கலைந்துவிடும்.
கோழிக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்கள்,
பிக்கப்பின் பின்கதவை இறக்கிவிட்டு
அதன் நிழலில் கூண்டுகளோடு.
நைட் டியூட்டி முடிந்த கையோடு போனேன்.
ஜோடி பதினெட்டு ரியால்.
இரண்டும் பெட்டை என்று சத்தியம் செய்தார் தாடிக்காரர்,
மலேசியா ரகம் என்று உள்ளங்கையில் நிறுத்திக் காட்டினார்.
அரை கிலோகூட இல்லை.
ஆனால் அது நெஞ்சை நிமிர்த்திய தோரணை
ரவுண்டு வரும் எங்கள் மேட்ரனேதான்.

அப்படி வந்தது முதல் பெயர்.
நான்காம் மாதம், பாங்குக்கு முன்பே,
மேட்ரன் கூவினாள்.
பெயரை மாற்றவில்லை.
கூடவந்தது முதல் கோடையிலேயே போனது,
பெயர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே.

பிறகு,
ஒவ்வொரு வெள்ளை இறகுக்கும் ஸ்கேல் வைத்ததுபோல்
கறுப்பில் ஓரம் போட்டுக்கொண்டு வந்த மார்ஜின்.
கால் இருக்கிறதா என்று
குனிந்து பார்க்கவேண்டிய ஜப்பான் சேவல், அரை டிக்கெட்.
பாதமெல்லாம் இறகு முளைத்த ஒருத்தியை
கொச்சின் என்று சொன்னதும்
"எங்கள் ஊரா?" என்று எழுந்து உட்கார்ந்த ஜின்சி
அவளே வைத்தாள்: நெடும்பாசேரி.
பெயருக்கு ஒரு நாளும் பறந்ததில்லை.

வார்டில் நான் எழுதுவது வேறு.
ஷம்ஸாவின் குழந்தை. ஆண். 2.9.
ரய்யாவின் குழந்தை. பெண். 3.1.
கணுக்காலில் பட்டையை அழுத்தி மூடி
தொட்டிலில் விடுவேன்.
பெயரெல்லாம் ஏழாம் நாள், வீட்டில், ஆடு அறுத்து.
அதற்குள் கட்டில் காலி.
பதினோரு வருடத்தில் இந்தக் கை ஏந்தியதில்
ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.
ஹைப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் ஏறி நின்று
கத்துகிற பையனைப் பார்த்தால்
யாருடைய குழந்தை என்றல்ல,
யாரோவின்குழந்தை என்றே
ஒரே சொல்லாய் வாயில் வருகிறது.

ஜூனில் நாற்பத்தெட்டு.
தண்ணீர் பாட்டிலை உறையவைத்து
சாக்கில் சுற்றிக் கூண்டுக்குள் உருட்டுவேன்.
மார்ஜின் அதன்மேல் ஏறி
ஐஸை அடைகாப்பாள்.
"மேட்ரன் நேற்றிலிருந்து தின்னவில்லை,
வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறாள்" என்று
போனில் ஜின்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
பின்னால் நிஜ மேட்ரன்.
ஃபைலை மூடினாள்.
"ஓ.ஆர்.எஸ். கொடு" என்றாள். போய்விட்டாள்.
கொடுத்தேன். பிழைத்தது.

நவம்பரில் மார்ஜின் நிஜ முட்டையில் உட்கார்ந்தாள்.
இருபதாம் நாள் மூன்று பொரிந்தன.
தகப்பன் அரை டிக்கெட்டோ மேட்ரனோ.
வார்டு வழக்கப்படி தாய் பெயர் போதும்.
காலண்டரில் எழுதினேன்:
மார்ஜினின் குஞ்சு. பத்தொன்பது கிராம்.
மார்ஜினின் குஞ்சு. இருபத்தொன்று.
மார்ஜினின் குஞ்சு. பதினாறு.

"பேர்?" என்றாள் ஜின்சி.
ஏழு நாள் போகட்டும் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை,
கோழிக்கு யார் நாள் பார்க்கிறார்கள்.
பதினாறு கிராம் ஐந்தாம் நாள் போனது.
ஷூ வாங்கின டப்பாவில் வைத்து
பேரீச்சை மரத்தடியில் புதைத்தேன்.
காலண்டரில் அந்த வரியை அடிக்கவில்லை.

ஏழாம் நாள் நைட் முடிந்து வந்து
யூனிஃபார்ம்கூட மாற்றாமல் முற்றத்தில் உட்கார்ந்தேன்.
இரண்டு பெயர் தயார். இரண்டு வளையம்,
ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு.
காலில் மாட்டினேன்.
தீக்குச்சியிலும் மெலிந்த கால்,
வளையம் நழுவி மண்ணில் விழுந்தது.
மறுபடி மாட்டினேன். மறுபடி.
கையிலிருந்ததும் குதித்து இன்னொன்றோடு கலந்தது.
இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கத்தல்.
எதற்கு எதை வைத்தேன்?

வளையங்களைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
குருணையை அள்ளி
"பா... பா... பா..." என்றேன்.
குஞ்சுகள் வந்தன. மார்ஜின் வந்தாள்.
அரை டிக்கெட்டை இடித்துக்கொண்டு மேட்ரன்.
நெடும்பாசேரி மட்டும்
வழக்கம்போல் தாமதம்.